இரவுத் தோட்ட வேலைக்கு இருப்பு மின்கலம்

பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தின் கடைமடையில், காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் நிலம் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு முறைத் தண்ணீர் பகலில்தான் வரும் என்ற நியதி இல்லை. நடுச்சாமத்தில் முறை வந்தாலும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மடையைத் திருப்பியாக வேண்டும். கிணற்றுப் பாசனம் செய்பவர்களும் மோட்டார் ஓடும் நேரத்தை ஒட்டியே தூக்கத்தை வைத்துக்கொள்கிறார்கள். கொறங்காட்டில் ஆடு வளர்ப்பவர்கள் பாடு இன்னும் கடினம். அண்மை ஆண்டுகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதால், பலரும் இரவில் பட்டியிலேயே படுக்கிறார்கள்.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட இரவுகளில் கூட ஒரு ஆள் இருப்பார். இன்று பண்ணையாட்கள் கிடைப்பதில்லை. மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். சாளையில் மிஞ்சியிருப்பவர் அறுபது வயதைக் கடந்த ஒருவர். அவருக்குத் துணை, மடியில் இருக்கும் செல்போன் ஒன்றுதான்.

அந்தத் துணை நடு இரவில் கைவிட்டால் என்ன ஆகும்? சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளகோவில் பக்கம் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் விவசாயி ஒருவர் எழுந்து தம் அனுபவத்தைச் சொன்னார். முறைத் தண்ணீர் இரவு. செல்போனிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் வாய்க்காலில் நடந்திருக்கிறார். கணுக்காலில் ஏதோ கடித்தது. மகனைக் கூப்பிடப் போனை எடுத்தால் உயிர் இல்லை. பாம்புக் கடி பட்டவர் நடக்கக் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு வண்டியில் போக வேண்டும். அவரோ ஒரு கிலோமீட்டர் தூரம் நடந்தே சாளைக்கு வந்தார். வேறு வழி அவருக்கு இல்லை. நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார்.

"போன் நன்றாகத்தான் இருந்தது, சார்ஜ்தான் இல்லை" என்று அவர் சொல்லி முடித்தார். இக்கட்டுரை அந்தச் சார்ஜைப் பற்றியது.

கடலில் போகிறவர்கள் கற்ற பாடம்

கையில் ஒரே ஒரு பேசும் கருவி, அதற்கு ஒரு மின்கலம், சுற்றிலும் உதவிக்கு ஆள் இல்லை. இந்த நிலையை நமக்கு முன்பே எண்ணிப் பார்த்தவர்கள் கடலில் போகிறவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைத் தாக்கியபோது, பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து சில கடல் மைல் தாண்டினால் செல்போன் கோபுரம் எட்டாது. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. படகில் பேசும் கருவி எவ்வளவு முக்கியம் என்பதை அந்தப் புயல் எல்லோருக்கும் உணர்த்தியது.

கடலில் பயன்படும் அந்தக் கருவிக்கு வி.எச்.எப். வயர்லெஸ் என்று பெயர். கையில் பிடிக்கும் வகையும் உண்டு. அதில் 16ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்து அழைப்புக்காக உலகம் முழுவதும் ஒதுக்கப்பட்டது. கோபுரம் தேவையில்லை, ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்கு நேராகப் பேசலாம். ஆனால் இதன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவதால், ஆண்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்தே தூரம் அமையும். நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்திருக்கும் இருவர் ஏறத்தாழ 4 கடல் மைல், அதாவது 7 முதல் 8 கிலோமீட்டர் வரைதான் பேச முடியும்.

இவர்களிலும் நம் நிலைக்கு மிக அருகில் இருப்பவர் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் தனியே போகிறவர். இராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குச் சுற்றுலா போனவர்கள் இந்தப் படகைப் பார்த்திருப்பார்கள். விசைப்படகில் எஞ்சின் உண்டு. அது ஓடும்போது மின்கலத்தையும் ஏற்றிக்கொள்ளலாம். துடுப்புப் படகில் எஞ்சின் இல்லை. புறப்படும்போது கையில் இருக்கும் மின்சாரம்தான் திரும்பும்வரை. வாய்க்கால் கரையில் நிற்கும் நமக்கும் அப்படியே. ஆகவே வெளிநாடுகளில் கயாக்கில் கடலுக்குப் போகும் அனுபவசாலிகள் வயர்லெஸ்ஸை உயிர்காப்புச் சட்டையில் கட்டி வைப்பதோடு, மாற்று மின்கலம் ஒன்றையும் நீர் புகாத பையில் தனியே எடுத்துப் போகிறார்கள்.

மின்கலம் எங்கே செலவாகிறது?

கை வயர்லெஸ் விற்பவர்கள் "ஒரு முறை ஏற்றினால் 11 மணி நேரம்" என்பது போலச் சொல்வார்கள். இது ஒரு கணக்கின் மேல் சொல்வது. நூறு நிமிடத்தில் 5 நிமிடம் பேசுவது, 5 நிமிடம் கேட்பது, 90 நிமிடம் சும்மா இருப்பது என்பதே அந்தக் கணக்கு.

ஒரு மாதிரிக்குப் பார்ப்போம். மின்கலத்தின் கொள்ளளவு 1500 மில்லி ஆம்பியர் மணி. 5 வாட் சக்தியில் பேசும்போது 1500 மில்லி ஆம்பியர், கேட்கும்போது 250, சும்மா இருக்கும்போது 50 செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன பங்கில் கணக்கிட்டால் சராசரிச் செலவு சுமார் 132 மில்லி ஆம்பியர். மின்கலம் 11 மணி நேரம் வரும். ஆனால் ஆபத்து நேரத்தில் யாரும் அப்படி அளந்து பேசுவதில்லை. காலே அரைக்கால் பங்கு கூட வேண்டாம், கால் பங்கு நேரம் பேச்சிலும் கால் பங்கு நேரம் கேட்பதிலும் போனாலே சராசரிச் செலவு 460ஐத் தாண்டிவிடும். அதே மின்கலம் மூன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆபத்து வரும்போது செலவு மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது என்பதே இதில் அறிய வேண்டியது.

செல்போனுக்கும் இதே விதி பொருந்தும். கோபுரம் அருகில் இருந்தால் போன் குறைந்த சக்தியில் பேசும். கோபுரம் தொலைவாகி, சிக்னல் புள்ளி ஒன்றிரண்டாகக் குறைந்தால், போன் தன் முழுச் சக்தியையும் கூட்டித் தேடிக்கொண்டே இருக்கும். கொறங்காட்டு நடுவில் போன் சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்குவது இதனால்தான். அதன் மேல் விளக்கையும் போட்டு, பொழுது போகப் படமும் பார்த்தால் விடியும்வரை எப்படித் தாங்கும்?

விதைச் சோளத்தை உலையில் போடுவதில்லை

கப்பல்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பெரிய கப்பல்கள் உயிர்காப்புப் படகில் கொண்டுபோவதற்கென்றே கை வயர்லெஸ் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. 300 டன் முதல் 500 டன்னுக்குக் கீழ் உள்ள சரக்குக் கப்பலில் இரண்டு. அதற்கு மேல் மூன்று. அவற்றுக்கென்று மறு ஏற்றம் செய்ய முடியாத லித்தியம் மின்கலம் முத்திரையிட்டு வைக்கப்பட்டிருக்கும். முழுச் சக்தியில் ஒரு பங்கு பேச்சுக்கு ஒன்பது பங்கு பேசாமலிருப்பது என்ற கணக்கில் அது 8 மணி நேரம் தாங்க வேண்டும். அந்த மின்கலத்தை அன்றாட வேலைக்கு யாரும் தொடக் கூடாது. முத்திரை உடைந்திருந்தால் சோதனைக்கு வரும் அதிகாரி கேள்வி கேட்பார்.

நமக்கு இது புதிய செய்தி அல்ல. வானம் பார்த்த பூமியில் எத்தனை பஞ்சம் வந்தாலும் விதைக்கு வைத்த சோளத்தை உலையில் போடுவதில்லை. அன்றாடம் எடுத்துச் செலவழிப்பதற்கு இருப்பு என்று பெயர் இல்லை. வீட்டில் பவர் பேங்க் இருக்கிறது. ஆனால் பேரப்பிள்ளை அதில் போனை மாட்டி விளையாடுகிறான். அவசரத்துக்கு எடுத்தால் ஒரு புள்ளிதான் எரிகிறது. இது விதைச் சோளத்தைத் தின்றுவிட்டு மழையைப் பார்த்து நிற்பதற்கு ஒப்பாகும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கரண்ட் போனால் நிட்டிங் மெஷின் நின்று துணி வீணாகும் என்பதால் கம்பெனியில் ஜெனரேட்டர் வைத்திருக்கிறோம். துணிக்கு உள்ள இந்த ஏற்பாடு தோட்டத்தில் தனியாக இருக்கும் தகப்பனாருக்கும் வேண்டும்.

இருப்பு வேறு வகையாக இருக்கட்டும்

கை வயர்லெஸ்ஸில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. சில வகைகளில், மறு ஏற்றம் செய்யும் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்தில் போடுகிற சிறிய பேட்டரிக் கட்டைகள் ஐந்தாறு அடங்கும் கூட்டை மாட்டலாம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. லித்தியம்-அயான் மின்கலம் சூட்டில் கெடும். நூற்றுக்கணக்கான முறை ஏற்றி இறக்கினால் கொள்ளளவு குறையும். முழுதாக ஏற்றி நெடுநாள் வைத்தாலும் விரைவில் முதுமை அடையும். அல்கலைன் கட்டைக்கு ஏற்றும் வேலையே இல்லை. உலர்ந்த இடத்தில் வைத்தால் பல ஆண்டுகள் தன் சக்தியைக் காத்துக்கொண்டிருக்கும். முதல் மின்கலம் எந்தக் காரணத்தால் கைவிட்டதோ, அதே காரணத்தால் இரண்டாவதும் கைவிடக் கூடாது. ஆகவே இருப்பு வேறு வகையாக இருப்பது நல்லது.

தோட்டத்துக்கு ஏற்ற முறை

மேற்கண்ட பாடங்களை வைத்து இரவு வேலைக்குப் போகும் விவசாயிகள் கீழ்க்கண்ட மூன்று ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம்.

முதலாவது, விளக்கைப் போனிலிருந்து பிரித்துவிட வேண்டும். தனியாக ஒரு டார்ச் விளக்கு வைத்துக்கொள்ளவும். போன் பேசுவதற்கு மட்டுமே. இந்த ஒரு பழக்கமே பாதிச் சிக்கலைத் தீர்க்கும். டார்ச்சுக்கு மாற்றுக் கட்டைகள் எடுத்துச் செல்லும்போது அல்கலைன் வகையாக வாங்கவும். மலிவான துத்தநாக-கரிக் கட்டைகள் நாளடைவில் கசிந்து டார்ச்சையே அரித்துவிடும். பழைய கட்டையையும் புதுக் கட்டையையும் சேர்த்துப் போடக் கூடாது. இருப்புக்கு உள்ள கட்டைகளை டார்ச்சுக்குள் போட்டு வைக்காமல் வெளியே தனியாக வைக்கவும்.

இரண்டாவது, பழைய பட்டன் போன் ஒன்று. வீட்டில் மூலையில் கிடக்கும் அந்தப் போனுக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஏறக்குறைய 1000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட சிறு மின்கலத்திலேயே அது பல நாட்கள் சும்மா நிற்கும். மின்கலத்தைக் கையாலேயே கழற்றி மாற்றலாம். அதில் தனியாக ஒரு சிம் போட்டு, மகன், பக்கத்துத் தோட்டத்துக்காரர் எண்களைப் பதிந்து, அணைத்து வைக்கவும். இங்கே இரண்டு எச்சரிக்கைகள். எல்லா சிம்மும் எல்லாப் பட்டன் போனிலும் வேலை செய்யாது. சில நிறுவனங்களின் சிம்முக்கு 4ஜி வகைப் பட்டன் போன் தேவை. அடுத்து, நெடுநாள் பயன்படுத்தாத சிம்மைத் துண்டித்துவிடுவார்கள். ஆகவே அவ்வப்போது அதிலிருந்து பேச வேண்டும்.

மூன்றாவது, பவர் பேங்க். பெட்டியின் மேல் 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருப்பதைப் பார்த்து, 5,000 கொள்ளளவுள்ள போனை இரண்டு முறை ஏற்றலாம் என்று எண்ண வேண்டாம். உள்ளே இருக்கும் மின்கலம் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். மாற்றும்போது ஒரு பகுதி சூடாக வீணாகும். நடைமுறையில் ஒன்றரை முறை ஏறினால் அது நல்ல பவர் பேங்க். இணைப்பு வயரையும் அதனுடனேயே கட்டி வைக்கவும். வயர் இல்லாத பவர் பேங்க் கயிறு இல்லாத வாளிதான்.

பேட்டரித் தெளிப்பான் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அதில் உள்ள 12 வோல்ட், 8 ஆம்பியர் மணி ஈய-அமில மின்கலத்தில் பாதி ஏற்றம் இருந்தாலே போனை ஒருமுறைக்கு மேல் ஏற்றலாம். ஆனால் 12 வோல்ட்டை நேராகப் போனுக்குக் கொடுத்தால் போன் எரிந்துவிடும். காரில் போன் ஏற்றுவதற்கு உள்ள 5 வோல்ட் மாற்றியை, தகுந்த சாக்கெட்டுடன், எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு பொருத்திக்கொள்ளவும். ஈய-அமில மின்கலத்தை முழுதும் இறக்கி அப்படியே போட்டு வைத்தால் அது கெட்டுப்போகும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

தண்ணீரும் வெயிலும்

வாய்க்காலில் போன் விழுந்து நனைந்துவிட்டால், அதன் ஏற்றும் துளையில் ஈரம் இருக்கும்வரை வயரை மாட்டக் கூடாது. மாட்டினால் துளை அரிக்கும், போனும் கெடும். அந்த நேரத்தில் பவர் பேங்க் இருந்தும் பயனில்லை. பட்டன் போன் இருப்பாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டன் போன், பவர் பேங்க், மாற்றுக் கட்டை ஆகிய மூன்றையும் ஒரு திருகு மூடி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைக்கவும். எவர்சில்வர் தூக்குப்போசி வேண்டாம். கட்டைகளின் இரு முனைகளும் உலோகத்தில் பட்டால் மின்சாரம் வீணாவதோடு சூடும் ஏறும். பனியன் பெட்டிகளுக்குள் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலம் புதிதாக இரண்டு கிடைத்தால் டப்பாவில் போட்டு வைக்கலாம், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

வெயிலும் தண்ணீரைப் போலவே எதிரி. சித்திரை வெயிலில் டிராக்டர் இருக்கையிலோ, மோட்டார் அறையின் தகரக் கூரைக்குக் கீழோ டப்பாவை வைத்துவிட்டு வரக் கூடாது. சாளைக்குள் நிழலான, குளிர்ந்த இடமே ஏற்றது. உப்பிய மின்கலத்தை மறுபடி ஏற்ற வேண்டாம். அது தீப்பிடிக்கக் கூடும்.

அமாவாசைக்கு அமாவாசை

இருப்பு மின்கலத்தின் பெரிய குறை, அதை மறந்துவிடுவது. தேதி வைத்துக்கொண்டால் தவறிப்போகும். ஆகவே ஒவ்வொரு அமாவாசையன்றும் டப்பாவைத் திறக்கவும். பவர் பேங்க்கை முழுதாக ஏற்றவும். பட்டன் போனைப் போட்டு, மகனுக்கு ஒரு அழைப்பு கொடுக்கவும். மின்கலம், சிம், சிக்னல் மூன்றும் ஒரே அழைப்பில் தெரிந்துவிடும். கட்டைகளின் மேல் உள்ள காலாவதி ஆண்டைப் பார்க்கவும். பிறகு மூடி, மூடியின் மேல் ஒரு காகிதப் பட்டையை ஒட்டிவிடவும். பட்டை கிழிந்திருந்தால் யாரோ இருப்பில் கை வைத்துவிட்டார்கள் என்று பொருள். கப்பல்காரர்களின் முத்திரைக்கு இது ஈடாகும்.

அவசர நேரத்தில் சார்ஜ் குறைவாக இருந்தால் நீண்ட பேச்சு வேண்டாம். முதலில் இருக்கும் இடம், அடுத்து என்ன நேர்ந்தது, பிறகு என்ன உதவி வேண்டும் என்ற வரிசையில் சொல்லவும். பாதியில் போன் அணைந்தாலும் இடம் தெரிந்துவிட்டால் ஆள் வந்துவிடுவார்கள். பேச்சு எடுபடாத இடத்தில் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு உண்டு. ஆம்புலன்சுக்கு 108, எல்லா அவசர உதவிக்கும் 112. சொந்த நிறுவனக் கோபுரம் எட்டாத இடத்திலும் வேறு நிறுவனக் கோபுரத்தின் வழியாக 112 அழைப்பு போக இடம் உண்டு. கடலுக்குச் சுற்றுலாப் போகும் பிள்ளைகள் கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, மின்கலம் தேவைப்படாத ஒரு ஏற்பாட்டையும் கடலில் போகிறவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டே அவர்கள் படகைத் தள்ளுகிறார்கள். அந்த நேரத்துக்குள் வராவிட்டால் கரையில் உள்ளவர் தேடத் தொடங்கிவிடுவார். முறைத் தண்ணீருக்குப் போகும் விவசாயியும் எந்த மடைக்குப் போகிறார், எத்தனை மணிக்குக் கூப்பிடுவார் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போகட்டும். இரவு ஷிப்டில் இருக்கும் மகனும் அந்த நேரத்துக்கு அழைப்பு வராவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லட்டும்.

அடுத்த அமாவாசை வரும்வரை காத்திராமல் இன்று மாலையே அந்த டப்பாவைத் தயார் செய்யலாம். அதற்கு வேண்டிய பொருள்களில் பாதி ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன.